பக்கிள் தாங்கவில்லை

செவ்வாய்க்கிழமை, இரவு

குழந்தைகளுக்கான கார் சீட்டின் மாதிரியை இன்று பிம்ப்ரி சோதனைக்கூடத்தில் மோதவிட்டுப் பார்த்தோம். மோதிய வேகத்தில் பெல்ட்டின் பக்கிள் திறந்து, மூன்று வயதுக் குழந்தை அளவிலான டம்மி பொம்மை வெளியே போய் விழுந்தது.

சீட்டை வடிவமைத்தவர் பிரபு. கோயம்புத்தூர்க்காரர். இந்த மராத்தி ஊரில் தமிழில் பேச எனக்கு இருக்கும் ஒரே நண்பர். என்னைத் தனியே அழைத்தார்.

"டம்மிய சரியா உக்கார வெக்கலைன்னு ரிப்போர்ட்ல எழுதிருங்க மாலா. அடுத்த டெஸ்ட்டுக்குள்ள சரி பண்ணிர்றேன்."

"நான்தானுங்க உக்கார வெச்சேன். சரியாத்தான் இருந்துச்சு."

"என்னைய இந்த வேலையில இருந்தே தூக்கிருவாங்க."

தூக்கிவிடுவார்கள்தான். ஆனாலும் பக்கிள் தாங்கவில்லை என்றே எழுதி அனுப்பினேன். தினமும் தன் பைக்கில் என்னை ஆகுர்டியில் என் வீட்டருகே இறக்கிவிடுகிறவர், இன்று சொல்லாமலே கிளம்பிவிட்டார். நான் பஸ்ஸில் வந்தேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது அவர் மனைவி போன் செய்தாள்.

"என்னாச்சுக்கா? வந்ததும் வராததுமா, பாப்பாவுக்குக் காருல மாட்டியிருந்த சீட்டக் கழட்டிட்டிருக்காரு. என்னன்னு கேட்டா, டார்ச்சப் பிடிங்கறாரு."

முதல் மாதிரியை மகளுக்காகத் தன் காரிலேயே பொருத்தியிருந்திருக்கிறார். அதே பக்கிள். எனக்குத் தெரியாது.

கழற்றி முடிக்கட்டும், இப்போது எதுவும் கேட்காதே என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.