பக்கத்துத் தெருவில் ஒரு குட்டி மண்டலம்

மார்ச் 3, செவ்வாய்

ஆற்றுப் பாலம் உடைந்ததும், நூற்பாலையில் நாலு மாதம் வேலைநிறுத்தம் நடந்ததும், எங்கள் தெருவுக்கு முதல் மின்விளக்கு வந்ததும் ஒரே வருஷம். அம்மா போனதும் அந்த வருஷம்தான். எனக்கு ஏழு வயது. என் கடைசித் தங்கை பொடிசு தொட்டிலில் கிடந்தாள். அவள் என்னடாவென்றால், பெரியண்ணன் சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னால், பாலம் முந்தின வருஷமே உடைந்துவிட்டது என்று சாதித்தாள். தொட்டிலில் இருந்தபடியே எட்டிப் பார்த்தாள் போலிருக்கிறது. அன்றோடு பேச்சு நின்றது. அவள் வீடு பக்கத்துத் தெருதான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. மகள் செய்து கொடுத்த ஏற்பாடு. வீட்டில் என்னை எதிர்த்துப் பேசாத ஒரே ஆள் இந்தப் போன்தான்.

மார்ச் 5, வியாழன்

மகளுக்கு வானத்தை ஆராய்வது வேலை. பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்டு ஒரு குழுவின் முன் பேசப் போகிறாள். ஒத்திகைக்கு நான்தான் கூட்டம்.

பிரபஞ்சம் பிறந்த புதிதில் உண்டான விண்மீன் மண்டலங்கள் எல்லாம் சின்னஞ்சிறியவையாம். அவை இருக்கிற தூரத்துக்கு மங்கலாய்ப் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் நமக்குப் பக்கத்திலேயே சில குட்டி மண்டலங்கள் உண்டு. மற்றவை ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துப் போக, இவை ஒதுங்கியே நின்றுவிட்டன. நட்சத்திரங்கள் எரிந்து எரிந்து உண்டாக்கும் இரும்பு, ஆக்சிஜன் எல்லாம் இவற்றில் கொஞ்சம்தான், ஆதியில் இருந்த மாதிரியே. எட்டாததற்குப் பதிலாக எட்டுவதைப் பார்க்கிறார்கள்.

“வளராம, யாரோடயும் சேராம, பக்கத்துலயே கெடக்கு. நம்ம பொடிசுன்னு சொல்லேன்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “அத்தை யாருக்குப் பதிலாப்பா?”

மார்ச் 6, வெள்ளி

என்ன கேள்வி இது.

மார்ச் 8, ஞாயிறு

பாலம் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அம்மாவின் குரல்? – இல்லை. எவ்வளவு முட்டிப் பார்த்தாலும் வரவில்லை. படமும் கிடையாது. பொடிசு வாயைத் திறந்தால் அம்மாவேதான் என்று அக்கா அடிக்கடி சொல்வாள். அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்காவும் போய்விட்டாள்.

குட்டியைப் பார்த்தால் ஆதியைப் பார்த்த மாதிரி ஆகிவிடுமா என்று மகளிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

“அதெப்படிப்பா? குட்டிக்கும் வயசாயிடுச்சே. அதுக்குள்ளயும் கிழட்டு நட்சத்திரம் இருக்கு. அதையெல்லாம் கழிச்சுட்டுத்தான் பாக்கணும்.”

பொடிசிடம் கழிக்க நிறைய இருக்கும்.

மார்ச் 12, வியாழன்

இந்தக் குட்டி அந்த ஆதி மண்டலத்துக்கு ஈடாகும் என்று எப்படி நம்புவது என்று குழுவில் ஒருவர் மடக்கினாராம். போய்ப் பார்த்தால்தானே தெரியும் என்றாளாம் மகள். நேரம் கொடுத்துவிட்டார்கள்.

எனக்குத்தான் இனி சாக்கு இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

போனேன். கதவைத் திறந்து ஏற இறங்கப் பார்த்தாள். முன்பற்கள் போய்விட்டன, பேச்சுக்கு நடுவே இருமல் வேறு. பல்லைக் கழித்தேன், இருமலைக் கழித்தேன். ஒன்றும் தேறவில்லை. அதற்குள் அவள் பாலத்துப் பேச்சை எடுத்துவிட்டாள். நான் வாசலில் நின்றபடியே மறுக்க, அவளுக்குக் கோபம் ஏறிவிட்டது.

“செருப்பக் கழட்டிட்டு வந்து உக்காருடா! நின்னுக்கிட்டே சண்டை போடுது பாரு.”

உட்கார்ந்துவிட்டேன். கால் தானாக மடங்கிவிட்டது.

அண்ணனை ‘டா’ போட்டுவிட்டோமே என்று அவள் முகம் வெளுத்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். வம்புக்கு இழுக்கிறேன் என்று நினைத்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள். “அம்மா எப்படிண்ணே பேசுவாங்க? எனக்குத் தெரியாதே.”

“நீ என்னத் திட்டு. அப்படித்தான்.”

பாலத்தைச் சாக்கிட்டு மாலை வரை திட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திட்டினாள். நானும் விட்டுக்கொடுக்கவில்லை, விட்டால் நிறுத்திவிடுவாளே.

பிறந்தது ஏழு பேர். ஐந்து பேர் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. ஆனால் பாலம் உடைந்த வருஷத்தைத் தப்பாகச் சொல்லவும், இந்தக் கிழவனை ‘டா’ போட்டு உட்காரவைக்கவும் இன்னும் ஒருத்தி இருக்கிறாள் – பொடிசு.