குதிகால் சத்தம்

அலெப்போ
வெள்ளிக்கிழமை

அன்புள்ள உம்மாவுக்கு,

இறைவன் உங்களை நலமாக வைத்திருக்கட்டும். நானும் ஹைஃபா சித்தியும் நலம். சித்தியின் முட்டிவலி மட்டும் மழையை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது.

பெருநாளுக்குள் துருக்கிக்கு, உங்களிடம் மெர்சினுக்கு வந்துவிடச் சொல்லிப் போனில் கேட்டீர்கள். உங்கள் தையற்கூடத்தில் கணக்கெழுத ஆள் வேண்டும் என்றும், மகள் பட்டதாரி என்று முதலாளியிடம் சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னீர்கள். நான் போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டேன். வாயில் வராதது எனக்குக் கடிதத்தில் வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

நேற்று ஜுதைதா பகுதியில் ஒரு பழைய வீட்டு முற்றத்தில் எங்கள் குழுவின் நிகழ்ச்சி. முவஷ்ஷஹ் பாட்டு, அதற்கு எங்கள் ஸமாஹ் ஆட்டம். நான் வழக்கம்போல் கடைசி வரிசை. மழை ஈரத்தில், தாளம் போடும் தஃப் பறையின் தோல் தளர்ந்திருந்தது. அதை வாசிக்கும் நிஸார் கரியடுப்பருகே காய வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது தோல் பிளந்து கிடந்தது.

“சூடு காட்டச் சொன்னா கபாபே போட்டுட்டியா, மகராசா!” என்றாள் எங்கள் குழுத்தலைவி ஃபாத்தின். எல்லோரும் சிரித்தோம். பிறகுதான் பயம் வந்தது. வேறு தஃப் இல்லை. விருந்தினர் உட்கார்ந்துவிட்டார்கள். தஃப்புக்குப் பதிலாகக் கை தட்டிப் பார்த்தோம்.

“எது கனத்த அடி, எது லேசான அடின்னு பிரியலையே, நான் எங்க வந்து சேர்றது?” என்றார் பாடகர்.

“எவ காலு பிசகாது?” என்று ஃபாத்தின் கேட்டதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

“லுபானா, தரையில ஒண்ணும் எழுதி வைக்கலடி. முன்னாடி வா!”

ஆட்டத்துக்கான மெல்லிய செருப்பு மேடைப் பலகையில் சத்தமே தரவில்லை. பட்டமளிப்புக்கு நீங்கள் அனுப்பிய குதிகால் உயர்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டேன். அது டக்கென்று ஒலித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று கல்லூரியில் நுனிக்காலில் நடந்தவள் நான். நேற்று கனத்த அடிக்குக் குதிகால், லேசான அடிக்கு நுனி. முதல் சுற்றில் என் நெஞ்சுதான் அதைவிடச் சத்தமாக அடித்தது. அப்புறம் பாட்டு வந்து என் காலடியில் சரியாக இறங்கியது. முடிந்ததும் பாடகர் நெஞ்சில் கை வைத்து, “இன்னைக்கு நீதாம்மா தஃப்பு” என்றார்.

உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், செருப்புக்காக மட்டும் இல்லை. “வயசுப் பொண்ண ஆட விடுறியே” என்று பக்கத்து வீட்டார் கேட்டபோது, “ஆடுறது என் பொண்ணுதானே, உங்க வீட்டுச் சுவரா ஆடுது?” என்றீர்கள். அன்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சிறுமிகளுக்கு ஆட்டம் சொல்லித்தர என்னை இங்கேயே இருக்கச் சொல்கிறாள் ஃபாத்தின். இங்கே ஒரு பள்ளியிலும் ஆசிரியை வேலை தருவதாகச் சொல்கிறார்கள். நீங்கள் அங்கே தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவதை நினைத்தால் இதை எழுதவே கை வரவில்லை. வா என்றால் வந்துவிடுவேன், மனம் கோணாமல்.

ஆனால் உம்மா, அடுத்த முறை பேசும்போது, “எப்ப வர்றே?” என்பதற்குப் பதிலாக, “எந்தப் பாட்டுக்கு ஆடினே?” என்று கேளுங்கள். எனக்குப் புரிந்துவிடும்.

உங்கள் கைகளை முத்தமிடும்,
லுபானா