அணில் கதை

ஜூன் 4

என் அன்புக்குரியவருக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான். நம் வாயாடிக்கு இரண்டு நாளாக இருமல். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சும்மா சளிதான், பயப்படாதீர்கள். பயப்பட நான் ஒருத்தி போதும்.

நீங்கள் எழுதி அனுப்பும் அணில் கதையைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே புரண்டு படுத்துவிட்டாள் உங்கள் மகள். ஆறு வந்தால் பாலம் இருக்கிறது, பசித்தால் பழம் விழுகிறது, பருந்துகூட வழி சொல்லிவிட்டுப் போகிறது. "அணிலுக்கு எல்லாத்தையும் அப்பாவே பண்ணிடறாரும்மா. அப்புறம் அணில் எதுக்கு?" என்கிறாள்.

உங்கள் கடிதங்களும் அப்படித்தான் இருக்கின்றன. வேலை நன்று, அறை நன்று, சாப்பாடு நன்று. அடுத்த மாதம் லீவில் வருவதாகச் சொன்னீர்களே, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கும் ஒரு நல்ல கதை வேண்டும். நடந்ததை எழுதுங்கள்.

வாயாடியின் அம்மா

ஜூன் 19

கண்ணம்மா,

இருமல் நின்றதா?

லீவு இல்லை. குளிர்கிடங்கில் ராத்திரி ஷிப்டுக்கு ஆள் கேட்டார்கள், வந்தால் வேலை நிரந்தரம் என்றார்கள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானேதான் சரி என்றேன். உன்னிடம் கேட்டால் வேண்டாம் என்பாய் என்று கேட்கவில்லை. நான் வர இன்னும் ஒரு வருஷம் ஆகும்.

பிள்ளைக்கு: அணில் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. அந்தக் கரையில் பழம். இந்தக் கரையில் அதன் குட்டி. அதற்கு மேல் எழுத வரவில்லை.

உன்னவன்

ஜூலை 1

உங்களுக்கு,

இருமல் நின்றுவிட்டது.

கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் பாலை வைத்தேன், பொங்கி வழிந்தது, பார்த்துக்கொண்டே நின்றேன். கேட்காமல் சரி என்றதற்கு என் கோபம் அப்படியே இருக்கிறது. அதைத் தனியாக எழுதுவேன்.

கதையை அவளுக்குப் படித்தேன். எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்புறம்?" என்றாள். அப்பாவுக்கே தெரியவில்லையாம் என்றேன். மறுபடி படிக்கச் சொன்னாள். மூன்றாம் முறையும் படித்தேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னாள். நானும் அதையே கேட்கிறேன்.

பாலத்தில் நிற்கிற அணில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது?

உங்கள்
நான்