முன்சீட்டின் கனம்

நேற்று மத்தியானம், தண்ணீர் புகாத அந்த மஞ்சள் பையைத் திறந்தேன். புளித்த களி வாசனை முகத்தில் அடித்தது. பையின் அடியில் ஓர் இரை உருண்டை கிடந்தது. கேழ்வரகுக் களியில் கடலைப் புண்ணாக்கைப் பிசைந்து, தூண்டிலுக்காக நீ உருட்டியது. கல்லாகக் காய்ந்திருந்தது. உன் விரல் பதிந்த பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது. நான் அழவில்லை. நீ போனதிலிருந்து எனக்கு எதுவும் வருவதில்லை. உருண்டையைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, நம் இரண்டு சீட்டுக் கயாக் படகை எடுத்துக் காரின் மேல் கட்டினேன்.

மேட்டூர் அணைத் தண்ணீர் ஏறி நிற்கும் நாகமரைத் துறையில் முதல்முறை அதை இறக்கினோமே, நினைவிருக்கிறதா? வட்டப் பரிசலையே பார்த்துப் பழகிய பரிசல்கார அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏம்மா, வாழக்காயில குந்திகினு எங்கம்மா போறீங்க?"

"அக்கரைக்குண்ணா" என்றாய் நீ. "மீனு சிக்குனா கொழம்பு உங்க வூட்டுக்கும் வரும்."

"வெறும் முள்ள அனுப்பாத இருந்தா சரி."

நீ முன்சீட்டு, நான் பின்சீட்டு. இருட்டில் தெரியாத தண்ணீருக்குள் போக நமக்கென்று ஒரு முறை இருந்தது. முங்கிப்போன மரங்களின் மொட்டைத் தலைகள் எங்கே நிற்கும் என்று சொல்லவே முடியாது. என் மடியிலிருந்த கருவி ஆழத்தைக் காட்டும். எதிரே நிற்கும் கட்டையைக் காட்டாது. நீ நெற்றி விளக்கைத் தாழ்த்திக்கொண்டு குரல் கொடுப்பாய். "கட்ட இருக்குதுங்க! சோத்துக்கை பக்கம்!" நான் துடுப்பைத் திருப்புவேன். முதலில் சிக்கும் மீனைத் தண்ணீருக்கே விட்டுவிடுவது உங்கள் வீட்டு வழக்கம். விடும்போது குனிந்து, அதன் காதில் சொல்வதுபோலச் சொல்வாய்: "போயி உன் மாமியார அனுப்பி வை."

ஓசூர்த் தொழிற்சாலையில் எனக்கு வேலையே அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பதுதான். ஆனால் நீ இளைப்பதை எனக்குக் காட்டியது கருவி இல்லை, படகு. முன்னால் பாரம் குறைந்தால் கயாக்கின் மூக்கு தூக்கிக்கொள்ளும். காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தக் கோடையில், போகப் போக மூக்கு எழும்பிக்கொண்டே வந்தது.

"இன்ஜினியரே, நான் எளச்சிட்டனா?"

"ஐஸ் பெட்டிய முன்னால வெச்சா சரியாயிடும்."

"மீன வெச்சி என்னை ஈடு கட்டறீங்களா? நல்லா கீது ஞாயம்."

இருவரும் சிரித்தோம். இருவருக்கும் தெரிந்திருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். வயிற்றில் புற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது நீ என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாய்.

கடைசியாகப் போன அன்று, மலை இடுக்கில் வளைந்து மறையும் தண்ணீரைக் கை நீட்டிக் காட்டினாய். "அங்க ஒரு வாட்டி போவணுங்க. பெரிய கெளுத்தி எல்லாம் அங்கதான் படுத்துக் கெடக்கும்." மழை நின்றதும் போகலாம் என்றேன். மழை நின்றது. நீ எழுந்திருக்கவில்லை.

அங்கே தனியாகப் போக முடியுமா என்று இத்தனை நாள் தெரியாமலே இருந்தேன். நேற்று வீட்டிலேயே கேன்களில் தண்ணீர் பிடித்து, தராசில் வைத்துச் சரிபார்த்தேன். நீ நன்றாக இருந்தபோது இருந்த எடைக்கு. துறையில் அவற்றை முன்சீட்டில் வைத்துக் கட்டுவதை அண்ணன் பார்த்துவிட்டார்.

"என்னாங்க இது? ஆத்துல இல்லாத தண்ணியா?"

"முன்னால பாரம் வேணும்ணா."

அவர் சிரிக்க வாயெடுத்தவர், முன்சீட்டைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பீடியைக் கீழே போட்டுவிட்டு, கயாக்கின் மூக்கை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் தள்ளினார். "பாத்துக் கூட்டிகினு போங்க" என்றார்.

படகு நேராகப் போனது. நீ உட்கார்ந்திருந்தால் எப்படிப் போகுமோ அப்படியே. அதுதான் தாங்க முடியவில்லை. இடுக்கு வளைந்து இருள் கூடியதும், ஒவ்வொரு துடுப்புக்கும் முன்னால் என் கை தானாக நின்றது. உன் குரலுக்குக் காத்திருந்தது. அப்போது அடியில் ஒரு கட்டை உரசிப் படகு ஆடியது.

"சொல்ல மாட்டியா புள்ள? கட்ட இருக்குதுன்னு சொல்ல மாட்டியா?"

கேன்களைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். அழுகை அதன் பிறகுதான் வந்தது. நிறுத்தத் தெரியாத அழுகை.

நீ சொன்னது சரி. கெளுத்தி அங்கேதான் படுத்துக் கிடந்தது. ஒன்றே ஒன்று சிக்கியது, முழங்கை நீளம். முதல் மீன். முள்ளைக் கழற்றி, குனிந்து தண்ணீரில் விட்டேன். "போயி" என்பது வரைக்கும்தான் எனக்கு வாய் வந்தது.

கரைக்கு வந்தால் கேன்களைக் கொட்டிவிட்டுத்தான் மேடு ஏற வேண்டும். கொட்டவில்லை. நிறைந்தபடியே இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, நின்று நின்று ஏறினேன். கடைசி நாட்களில் உன்னைக் கட்டிலிலிருந்து தூக்குவேனே, அப்போது எனக்கு மூச்சுகூட வாங்காது. நேற்று வாங்கியது. தோள் இரண்டும் இன்னும் வலிக்கின்றன. கேன்கள் சமையலறை ஓரத்தில் நிற்கின்றன, மூடியைத் திறக்கவில்லை.