சுண்டுவுக்காக ஒரு ஊர்

வேகன் எண் 417,
தண்ணீர்த் தொட்டி அருகில்.
பிப்ரவரி 11, 1903

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். மேலே இருக்கிற விலாசத்தைப் பார்த்து நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துக்கொள். இங்கே தெருவும் இல்லை, வீடும் இல்லை. சக்கரம் கழற்றிய சரக்கு வேகன் ஒன்றைத் தரையில் இறக்கி வைத்து, ரயில்வே பிட்டர் குடும்பத்துக்கு இதுதான் என்று கொடுத்துவிட்டார்கள். பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற இரும்புக் கதவு. நான் ஒருத்தியாக இழுத்தால் பாதியில் நின்றுகொள்கிறது. பூனை மாதிரி அந்த இடுக்கில் நுழைந்து வெளியே போகிறேன்.

இன்ஜின் தண்ணீர் பிடிக்க ஒரு தொட்டி, ஒரு நிலக்கரிக் குவியல், பதினோரு கூடாரம். ஊர் என்பது இவ்வளவுதான். "ரெண்டு வருஷம் போகட்டும். பட்டறை வரும், கடைத்தெரு வரும், நீயே வழி தெரியாம நிப்பே" என்கிறார் இவர். வழி தெரியாமல் நிற்பதற்கு முதலில் வழி என்று ஒன்று வேண்டுமே!

சுண்டு என்ன செய்கிறாள்? நான் கிளம்பும்போது உன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்ததும் என்னைத் தேடினாளா? தேடினாள் என்று எழுதினாலும் அழுவேன், தேடவில்லை என்று எழுதினாலும் அழுவேன். இருந்தாலும் எழுது. ஒன்றரை வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனாளே என்று யாராவது பேசினால், ஆறே மாசம் என்று சொல். ஒழுங்கான வீடு கிடைத்ததும் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவேன்.

அத்தானுக்குக் கை கால் எப்படி இருக்கிறது?

உன் தங்கை


மார்ச் 2, 1903

அருமைத் தங்கைக்கு,

உன் விலாசத்தைப் படித்துவிட்டு அத்தான் சிரித்த சிரிப்பில் தலையணை கீழே விழுந்துவிட்டது. வலது பக்கம் இன்னும் அசையவில்லை, நாக்கு மட்டும் நன்றாக அசைகிறது. "ரயில்லயே குடித்தனம் நடத்துறாளே உன் தங்கச்சி, டிக்கெட் எடுத்தாளான்னு கேளு" என்கிறார்.

தேடினாள். மூன்று நாள் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் என் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். இப்போது காது இல்லாமல் தூக்கம் கிடையாது. இழுத்து இழுத்து ஒரு காது சிவந்தே போய்விட்டது. இத்தனை வருஷமாகப் பிள்ளைச் சத்தமே கேட்காத வீடு இது. இப்போது அத்தானுக்குப் பகலில் தூக்கம் போயிற்று. அதைக்கூடக் குறையாகச் சொல்லாமல் பெருமையாகச் சொல்கிறார்.

நீ அவசரப்படாதே. நாலு சுவர் எழும்பட்டும்.

அக்கா


வீடு எண் 6, இரண்டாம் வரிசை.
அக்டோபர் 19, 1903

அன்புள்ள அக்காவுக்கு,

விலாசத்தைப் பார்! செங்கல் வீடு. இரண்டு அறை, பின்னால் சமையலுக்கு ஒரு சார்ப்பு. நானே சுண்ணாம்பு அடித்தேன். இன்னும் இரண்டு நகத்தில் வெள்ளை போகவில்லை. சுண்டு ஏறி விழுந்துவிடக் கூடாதே என்று சன்னலுக்குக் கம்பி வைக்கச் சொல்லி, இவரிடம் ஒரு வாரம் சண்டை போட்டு வைக்க வைத்துவிட்டேன்.

ஊரும் மளமளவென்று வளர்கிறது. தொட்டி நிழலில் ஒரு நாவிதர் நாற்காலி போட்டுவிட்டார். ஒரு மளிகைக் கடை, ஒரு டீக்கடை. சனிக்கிழமை சந்தை கூடுகிறது. துவைத்துப் போட்ட துணியில் கரித்தூள் படிவது மட்டும் மாறவில்லை.

இவருக்கு லீவு சொல்லியாகிவிட்டது. எந்தத் தேதியில் வரட்டும்?

உன் தங்கை


நவம்பர் 8, 1903

அருமைத் தங்கைக்கு,

வீடு கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் போன வாரம் சுண்டுவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விசில் அடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. இங்கே டாக்டர் மூன்று வீடு தள்ளி இருக்கிறார். தூக்கிக்கொண்டு ஓடினேன். "நல்ல வேளை, உடனே கொண்டு வந்தீங்க" என்றார்.

அங்கே அப்படி ஆனால் எங்கே ஓடுவாய்? டாக்டர் வரட்டும். வந்த மறுநாளே நீ வா. நான் தடுக்க மாட்டேன்.

அக்கா


டிசம்பர் 4, 1904

அன்புள்ள அக்காவுக்கு,

பத்து மாசமாக ஒரு வரி எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். உடம்பு சரியில்லாமல் இருந்தது. வேறொன்றும் இல்லை.

இப்போது எங்கள் ஊரில் டாக்டர் இருக்கிறார். தானாக வரவில்லை. வீடு வீடாகப் போய் நாற்பது பெண்களிடம் கைநாட்டு வாங்கினேன். பெரிய அதிகாரி தனிப் பெட்டியில் வந்து இறங்கிய அன்று எல்லோரும் போய் முன்னால் நின்றுகொண்டோம்.

"ஆம்பளைங்க யாரும் வரலியா?" என்று கேட்டார்.

"அவங்க உங்க வேலைக்குத்தான் போயிருக்காங்க. பிள்ளைங்களுக்கு ஜுரம் வந்தா பார்க்கிறது நாங்கதான்" என்றேன். நானா பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம்.

போன மாசம் டாக்டர் வந்தார். சின்ன வயசு, கண்ணாடி போட்டிருக்கிறார். ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி. திறந்த அன்று அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே. சந்தோஷம்தான்.

ஆற்றுப் பாலம் வேலை முடியாததால் படகு மாறி நாலு நாள் பயணம். கோடையில் வந்து அழைத்துப் போகிறேன்.

உன் தங்கை


ஜூலை 16, 1905

அருமைத் தங்கைக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ இங்கே இருந்த எட்டு நாளும் சுண்டு என் முதுகுக்குப் பின்னாலிருந்தே உன்னைப் பார்த்தாள். நீ பொம்மையை நீட்டியபோது பொம்மையை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு என்னவோ போல் இருந்தது. இழுத்துக்கொண்டு போக மனசில்லாமல் நீயும் தனியாகவே வண்டி ஏறினாய்.

கிளம்பும்போது சொன்னதையே திரும்ப எழுதுகிறேன். அவளுக்கு நாலு வயது. சிலேட்டில் கோணல்மாணலாக எழுதுகிறாள். ஒரு பள்ளிக்கூடம்கூட இல்லாத இடத்தில் அவள் என்ன ஆவாள்? யோசித்துப் பார்.

அக்கா


ஜனவரி 27, 1907

அக்காவுக்கு,

பள்ளிக்கூடம் வந்துவிட்டது. சரக்குக் கொட்டகையின் ஒரு மூலையில் ஒன்பது பிள்ளைகளை உட்கார வைத்து, எனக்குத் தெரிந்த எழுத்தை நானே சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு வண்டி வரும்போதும் பாடம் நின்றுவிடும். விசில் அடங்கியதும் விட்ட இடம் மறந்துபோகும். ஒன்பது முப்பதாகி, முப்பது எழுபதானது. இப்போது ஓடு போட்ட கட்டடம், இரண்டு வாத்தியார்கள். முதல் பெஞ்சில் ஓர் இடத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்து என்ன கேட்கப் போகிறாய்? தெருவிளக்கா? அதுவும் இருக்கிறது. இன்னும் என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதிவிடு. ஒவ்வொன்றாக நீ கேட்டுக்கொண்டிருந்தால் என் பெண்ணுக்குக் கல்யாண வயது வந்துவிடும்.

பாலம் முடிந்துவிட்டது. வியாழக்கிழமைதோறும் நேர் வண்டி.

தங்கை


மார்ச் 3, 1907

என் தங்கமே,

உன் கடிதத்துக்குக் கோபமாகப் பதில் எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன்.

நம் கடைத்தெருத் தையல்காரர் உங்கள் ஊரில் கடை போட இடம் பார்க்க வந்திருந்தாராம். திரும்பியதும் அத்தானிடம் வந்து பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். "அந்த ஊருக்கு ஆஸ்பத்திரி வந்ததே உங்க மச்சினியாலதான். கைக்குழந்தை ஜுரத்துல போனப்புறம் அந்தம்மா வீடு வீடா ஏறி எறங்கினாங்களாம்."

"எந்தக் கைக்குழந்தை?" என்று கேட்டேன். அவர் தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார்.

ஆண் பிள்ளையாமே. ஐந்து மாசமாமே. அந்த ஊரில் தோண்டிய முதல் குழி அவனுக்குத்தானாமே. ஊரான் ஒருவன் சொல்லி நான் கேட்க வேண்டியதாயிற்று. மறு கோடையில் எட்டு நாள் என் பக்கத்தில் படுத்திருந்தாயே, அப்போதுகூடச் சொல்லவில்லையே!

நீ ஒன்றை மறைத்தாய். நானும் ஒன்றை மறைத்தேன். சுண்டு என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட ஆரம்பித்தாள். மழலையில் முன்பாதியை விழுங்கி வெறும் அம்மா ஆக்கிவிட்டாள். திருத்தியிருக்க வேண்டும். நாளைக்குத் திருத்தலாம், நாளைக்குத் திருத்தலாம் என்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டேன். டாக்டர் இல்லை என்று தெரிந்துதான் டாக்டர் கேட்டேன். பள்ளிக்கூடம் இல்லை என்று தெரிந்துதான் பள்ளிக்கூடம் கேட்டேன். அவள் நல்லதுக்காகவும் கேட்டேன். எது எவ்வளவு என்று எனக்கே தெரியாது.

வேறு எதுவும் வேண்டாம். அத்தானைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வரும் வியாழன் வண்டியில் நானே கொண்டுவந்து விடுகிறேன்.

அக்கா


ஜூன் 20, 1907

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திரும்பிப் போய் மூன்று மாசம் ஆகிறது. இந்தக் கடிதத்தை இதற்குள் நாலு தடவை ஆரம்பித்துவிட்டேன்.

பையனைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஸ்டேஷனில் கேட்டாய். வண்டிச் சத்தத்தில் நான் சொன்னது உன் காதில் விழுந்ததோ என்னவோ. நல்லபடியாகப் பிறந்தபின் எழுதலாம் என்று இருந்தேன். பிறந்தபின், கொஞ்சம் தேறட்டும் என்று இருந்தேன். அதற்கப்புறம் எழுதியிருந்தால், பிள்ளை பிழைக்க முடியாத இடம் அது என்று நீ சொல்லியிருப்பாய். உண்மையும் அதுதான். சுண்டுவை அனுப்பியிருக்கவே மாட்டாய். ஒன்றுக்காக அழுதால் இன்னொன்றும் போய்விடும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

சுண்டு அழுவதில்லை. அழுதாலாவது தூக்கிச் சமாதானம் செய்வேன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறாள். தண்ணீர் குடிக்கக்கூட "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்கிறாள். விருந்தாளி மாதிரி இருக்கிறாள், அக்கா. வியாழக்கிழமை ஆனால் மட்டும் யாரிடமும் சொல்லாமல் பிளாட்பாரத்துக்குப் போய்விடுகிறாள்.

போன வாரம் பின்னாலேயே போனேன். ரயில் கார்டிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: "எங்கம்மா வரலியா?"

அவர் என்னைப் பார்த்துவிட்டு, "இதோ பின்னாலயே நிக்கிறாங்களே உங்கம்மா" என்றார்.

திரும்பிப் பார்த்தாள். "இவங்களும் அம்மாதான்" என்றாள், என் மனசு நோகக் கூடாது என்பது போல. "நான் கேக்கிறது எங்கம்மாவ."

கார்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு உன் மேல் கோபம் இல்லை. உன் பெண்ணை அடுத்த வியாழன் அனுப்பிவிடுகிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா அந்தப் பக்கம்தான் போகிறார்.

உன் தங்கை


ஜூன் 25, 1907

தங்கைக்கு,

அனுப்பாதே.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் அவள் துணிப்பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். உண்மையைச் சொல்கிறேன். அத்தான் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். "அவ வந்தா எனக்கும் சந்தோஷந்தான். ஆனா எத்தன தடவ அவள வேரோட புடுங்கப் போறீங்க ரெண்டு பேரும்?" என்றார். பெட்டியைப் பழையபடி பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

நான் இருக்கிறேன் என்று தெரிகிற வரைக்கும் அவள் பிளாட்பாரத்துக்குப் போய்க்கொண்டுதான் இருப்பாள். அதனால் இனி நான் எழுத மாட்டேன். அவள் பிறந்த நாளுக்குக்கூட எழுத மாட்டேன். கேட்டால், பெரியம்மாவுக்கு வேலை அதிகம் என்று சொல். கெட்டவளாக நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

அவளுக்குத் தலை வாரும்போது பின்பக்கம் சிக்கு விழும். கீழேயிருந்து மேலே எடு. அப்போதுதான் வலிக்காது.

அக்கா


பள்ளிக்கூடத் தெரு.
மே 29, 1910

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதுவதை நிறுத்தியபின் நான் எழுதும் ஆறாவது கடிதம் இது. போன தடவை கார்டு உன் வீட்டுக்கே வந்து கையில் கொடுத்தாராம். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாயாம். "பதில் ஏதாவது உண்டாம்மா?" என்றதற்கு இல்லை என்று தலையாட்டினாயாம். நீயும் அத்தானும் சுகமாக இருப்பதை அவர் மூலம் தெரிந்துகொண்டேன். அதுவாவது தெரிகிறதே.

இங்கே இரண்டாவது பிளாட்பாரம் கட்டியாகிவிட்டது. பட்டறையில் அறுநூறு பேர் வேலை செய்கிறார்கள். இவர் போர்மேன் ஆகிவிட்டார். சின்ன ஆஸ்பத்திரியில் இப்போது பன்னிரண்டு கட்டில். புதிதாக வருகிறவர்கள் இந்த ஊர் எப்போதும் இப்படியேதான் இருந்தது என்று நினைக்கிறார்கள்.

ஒரு சேதி சொல்ல வேண்டும். போன மாசம் சாயங்காலம் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சுண்டு தெருக்கோடியில் யாரோ ஒரு பெண்ணோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "இரு இரு, எங்கம்மாகிட்ட சொல்றேன் பாரு!" என்று கத்தினாள். யாரைச் சொல்கிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். என்ன சண்டை என்று அவள் சொன்னது எதுவும் எனக்குக் காதில் விழவில்லை.

பிளாட்பாரத்துக்கு அவள் போவதில்லை. எந்த வியாழனோடு நின்றது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. நீ நினைத்தது நடந்துவிட்டது, அக்கா. இனிமேல் எழுது. ஒரு பயமும் இல்லை. வந்து பத்து நாள் தங்கு. அவள் உன்னைக் கேட்பதும் இல்லை. இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் உன்னிடம் இன்னொரு தடவை மறைக்க மாட்டேன்.

கீழே ஒரு வரி எழுதம்மா என்று தாளை அவளிடம் நீட்டினேன்.

"யாருக்கு?"

"பெரியம்மாவுக்கு."

பேனாவை மையில் தொட்டு எடுத்தாள். "என்னம்மா எழுதறது?" என்று கேட்டாள்.

"உனக்குத் தோணறத எழுது" என்றேன்.

அவளுக்குத் தெரிந்த மாதிரி எழுதியிருக்கிறாள். கோபித்துக்கொள்ளாதே. கையெழுத்தைப் பார், எவ்வளவு அழகு.

உன் தங்கை


மதிப்பிற்குரிய பெரியம்மா அவர்களுக்கு,
நான் இங்கு நலம். தங்கள் நலமறிய ஆவல்.
இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி.