பின்னுக்கு ஓடும் தோணி

ஏறாவூர், 1937

என் வீட்டுக்காரிக்கு, ஸலாம்.

வீடு உன் சீதனம் என்பதால் அந்தச் சொல்லை இப்போது யோசித்துத்தான் எழுதுகிறேன்.

எஞ்சின் ஓடிவிட்டது. உடைந்த காரிலிருந்து கழற்றி வந்து, உன் புதுப் பாயில் வைத்து எண்ணெய் வடியவிட்டேனே, அதே எஞ்சின்தான். "மச்சான், இந்தச் சனியனையும் தூக்கிட்டு உங்கட உம்மாட ஊட்டுக்கே போங்க" என்றாய். நானும் திரும்பிப் பாராமல் வந்துவிட்டேன். இப்போது அது வாப்பாவின் பழைய தோணிக்குள் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

நேற்று வாவியில் இறக்கினோம். கைப்பிடியைச் சுழற்றியதும் இருமிக்கொண்டு கிளம்பியது. கரையில் நின்ற கொக்கெல்லாம் பறந்தன. கியரைப் போட்டேன். தோணி பாய்ந்தது, பின்பக்கமாக.

தண்ணீருக்குள் சுழலும் விசிறியின் இலைகளைக் கொல்லர் மூத்தம்பி மறுபக்கம் முறுக்கி அடித்துவிட்டார். பின்கியரைப் போட்டால் முன்னுக்குப் போகிறதுதான், ஆனால் எருமை நடை. அவரிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"ஓடுது தானே காக்கா, எந்தப் பக்கம் ஓடினா என்ன" என்று, என்னை அண்ணனாக்கிக் குழைந்தார்.

என் கோபமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. சிரித்து முடித்துப் பக்கத்தில் பார்த்தால், நீ இல்லை.

புது விசிறி அடிக்க நாளாகுமாம். அதுவரை காத்திருக்க என்னால் முடியாது, எருமை நடையும் ஆகாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் உன் காத்தான்குடிக்குப் புறப்படுகிறேன், ஒரு புதுப் பாயுடன். சத்தம் கேட்டால் துறைக்கு வா. முதுகைக் காட்டிப் போனவன் முதுகைக் காட்டியே வருவேன். பார்க்கிறவர்கள் போகிறான் என்பார்கள். நீ நம்பாதே.

எண்ணெய் மணத்துடன்,
உன் மச்சான்