காந்தம் பட்ட பல்சக்கரம்

என் அன்பு மாப்பிள்ளைக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. சிங்காநல்லூரில் நாம் சேர்ந்து நடத்திய கார் பட்டறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். என் தங்கை சாந்தாமணியைக் கட்டியதால் நீங்கள் மாப்பிள்ளை; அதற்கு முன்பிருந்தே எனக்குக் கூட்டாளி. நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன், ஏனென்றால் உங்களை நான் திட்டியதும் நாலு பேர் முன்னால்தான்.

அந்தப் பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் வண்டியை மறந்திருக்க மாட்டீர்கள். வால்வுகளைத் திறக்கிற கேம்சாஃப்டைச் சுற்றும் டைமிங் செயினை நீங்கள் மாட்டினீர்கள், மேல் மூடியை நான் போட்டேன். ஸ்டார்ட் செய்ததும் மஞ்சள் விளக்கு எரிந்தது. கேம்சாஃப்ட் இருக்க வேண்டிய நிலையில் இல்லை என்றது ஸ்கேனர்.

"செயினை ஒரு பல்லுத் தள்ளி மாட்டிப்போட்டீங்க. கண்ணு எங்கீங்க இருந்துச்சு?" என்று பண்ணைக்காரரை வைத்துக்கொண்டே கத்தினேன்.

"சென்சார் அலையை ஒருக்கா ஸ்கோப்புல பாத்துப்போடலாமுங்க மச்சான்" என்றீர்கள்.

"வேலை தெரியலீன்னா ஊட்டுல இருக்கோணுமுங்க."

என் வாய்க்கு அன்றைக்கு என்ன கேடோ தெரியவில்லை. நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு போனவர்தான். தொண்டாமுத்தூரில் தனியாகப் பட்டறை போட்டீர்கள். ஆறு மாதத்தில், நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள் என்று சேதி வந்தது.

போன வாரம் இன்னொரு வண்டியில் அதே விளக்கு எரிந்தது. இந்தத் தடவை வீம்பு பிடிக்காமல், மின்துடிப்பைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் ஸ்கோப்பை மாட்டினேன்.

உங்களுக்குத் தெரியாததா? படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த எஞ்சின்களில் வேகத்துக்குத் தகுந்தபடி வால்வுகள் கொஞ்சம் முன்னதாகவோ பின்னதாகவோ திறக்க வேண்டும். அதற்காகக் கேம்சாஃப்டை லேசாகத் திருப்பிக் கொடுப்பார்கள். எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது? சாஃப்டின் நுனியில் ஓர் இரும்புப் பல்சக்கரம், அதற்கெதிரே ஒரு மில்லிமீட்டர் தள்ளி சென்சார், அதற்குள் சின்னக் காந்தம். பல் எதிரே வந்தால் காந்தப்புலம் ஏறும், பள்ளம் வந்தால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைச் சென்சார் மின்துடிப்பாக்கி அனுப்பும். எதையும் தொடாமலே நடக்கிற வேலை.

ஸ்கோப்பில் அலை ஓரிடத்தில் கோணலாக இருந்தது. சக்கரத்தில் ஒரு குண்டூசியை வைத்துப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டது. பல்லே காந்தமாகிவிட்டால் சென்சார் எதைத்தான் நம்பும்? முந்தின நாள் உள்ளே விழுந்த நட்டைக் காந்தக் குச்சி விட்டு எடுத்தவன் நான். பல்லடத்துக்காரர் வண்டியிலும் அப்படித்தான் எடுத்தேன், சக்கரத்தின் மேலேயே உரசி உரசி. அதில் கழற்றிப்போட்ட பழைய சாஃப்ட் இன்னும் மூலையில் கிடக்கிறது. அதிலும் ஊசி ஒட்டுகிறது மாப்பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை சாந்தாமணியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். மனசு லேசாகும் என்று நினைப்பு. அவள் கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"செயின் சரியாத்தான் இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்பங்ணா தெரிஞ்சுது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. மூன்றாம் நாளே என்றேன். அன்றே மூடியைத் திறந்து பார்த்துவிட்டேன், செயினுக்கான குறியெல்லாம் நேராகத்தான் இருந்தது. காரணம் புரியாமல் சக்கரத்தோடு சாஃப்டையே மாற்றி வண்டியை அனுப்பிவிட்டேன். உங்களுக்கு ஒரு போன் போடவில்லை. மாப்பிள்ளையே முதலில் வரட்டுமே, நாளைக்குப் பேசிக்கலாம் என்று ஆறு மாதத்தை ஓட்டினேன்.

அவள் திட்டவில்லை. "போன் அடிக்கறப்பயெல்லாம் 'உங்கண்ணனா பாரு'ம்பாருங்ணா" என்று மட்டும் சொன்னாள்.

காந்தக் குச்சி தெரியாமல் நடந்த தப்பு. இது தெரிந்தே செய்தது. எப்படிப் பொறுத்தீர்கள் மாப்பிள்ளை? பொறுத்தீர்களா?

நாளைக்குப் பல்லடம் போகிறேன். அந்த மனிதரிடம் காந்தக் கதையை மட்டும் சொல்லி நல்லபேர் வாங்கிக்கொண்டு திரும்பிவிட மாட்டேன். மூன்றாம் நாளே எனக்குத் தெரியும் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் வருவேன். இது சத்தியம்.

உங்களுக்குப் போன் போடாத
மச்சான்,
பழனிசாமி